முப்பத்தெட்டு எனும் பொய்க்கணக்கு

பதினொன்றாம் வகுப்பில் உயிரியலைத் தொட்டவர்களுக்கு அந்த அட்டவணை ஞாபகமிருக்கும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் காற்றுள்ள சுவாசம், வலப்பக்கம் நொதித்தல். இடப்பக்கம் குளுக்கோஸ் முழுசாக எரிகிறது, வலப்பக்கம் பாதியில் நிற்கிறது. இடப்பக்கம் 38 ஏடிபி, வலப்பக்கம் 2. 'வேறுபடுத்துக' என்று கேள்வி வந்தால் இதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம், ஐந்து மார்க் உறுதி. என் வயது நண்பர்கள் சிலரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம் என்பதும் 38க்கு 2 என்பதும் வாய்ப்பாடு மாதிரி வந்து விழுகின்றன. மற்றதெல்லாம் போய்விட்டது.

அந்த அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டும் என்கிறேன். எண் தப்பு என்பது என் சின்னக் குற்றச்சாட்டு. பெரிய குற்றச்சாட்டு வேறு. அது உயிர்களை வரிசையில் நிற்கவைத்து ரேங்க் கார்டு கொடுக்கிறது. 38 வாங்கியவன் கெட்டிக்காரன், 2 வாங்கியவன் மக்கு, ஆக்சிஜன் என்றால் முன்னேற்றம், நொதித்தல் என்றால் வேறு வழியில்லாதவனின் பிழைப்பு. பள்ளியோடு இது முடிந்துவிட்டால் பரவாயில்லை. முடிவதில்லை.

சின்னக் குற்றச்சாட்டை முதலில் பார்த்துவிடுவோம். 38 எங்கிருந்து வந்தது? குளுக்கோஸ் படிப்படியாக உடையும்போது அதன் எலக்ட்ரான்களை என்ஏடி என்ற மூலக்கூறு வாங்கிக்கொண்டு என்ஏடிஹெச் ஆகிறது. ஒரு குளுக்கோஸுக்கு இப்படிப் பத்து. அதன் தம்பி எஃப்ஏடிஹெச்2 இரண்டு. அண்ணனுக்கு ஆளுக்கு 3 ஏடிபி, தம்பிக்கு 2 என்று போட்டால் 34. வழியில் நேரடியாகக் கிடைக்கும் 4ஐச் சேர்த்தால் 38. அந்தப் பத்தில் இரண்டு என்ஏடிஹெச் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே பிறந்தவை. அவற்றின் சரக்கை உள்ளே அனுப்ப 2 செலவு என்று கழித்தால் 36. சில புத்தகத்தில் 36, சில புத்தகத்தில் 38 என்று பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். குழப்பத்தின் கதை இவ்வளவுதான்.

ஆனால் அந்த 3ம் 2ம் ஏன் முழு எண்ணாக இருக்கின்றன? இது சாதாரண வேதியியல் என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில் பிறந்த எண்கள் அவை. இந்த மூலக்கூறு அந்த மூலக்கூறோடு கைகுலுக்கும், நடுவில் ஆற்றலைச் சுமந்துகொண்டு ஒரு இடைப்பொருள் இருக்கும், அது ஏடிபியைச் செய்து கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். அப்படியானால் கணக்கு முழு எண்ணில்தானே வரவேண்டும்? அந்த இடைப்பொருளை 1950களிலும் 60களிலும் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் தேடின. கிடைத்துவிட்டது என்று அவ்வப்போது அறிவிப்பு வரும், பிறகு சத்தமில்லாமல் மறைந்துவிடும். கிடைக்கவே இல்லை. ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை.

1961இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, தேடுகிற இடமே தப்பு என்றது. அவர் சொன்னதை நம்ம வீட்டு மொட்டைமாடித் தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு வழியாகப் படிப்படியாக இறங்கிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேருகின்றன. இறங்கும் வேகத்தில் மோட்டார் ஓடுகிறது. மோட்டார் புரோட்டான்களைச் சவ்வின் உள்ளிருந்து வெளியே இறைத்துக் குவிக்கிறது. தொட்டி நிரம்புகிறது. குவிந்த புரோட்டான்கள் திரும்ப உள்ளே பாய ஒரு குழாய்தான் வழி. அந்தப் பாய்ச்சலில் ஏடிபி உருவாகிறது. எரிப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் எந்த மர்மப் பொருளும் வேண்டாம். நடுவில் இருப்பது ஒரு மேடு பள்ளம், அவ்வளவுதான்.

மிட்செலை யாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. உடல்நலம் கெட்டு 1963இல் எடின்பரோ பல்கலைக்கழக வேலையை விட்டார். கார்ன்வாலில் போட்மின் ஊருக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த கிளின் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, ஜெனிஃபர் மொய்லுடன் சேர்ந்து அங்கேயே ஒரு குட்டி ஆய்வுக்கூடம் நடத்தினார். 1966இல் யாகன்டார்ஃப், உரிபே இருவரும் பசுங்கணிகத்தின் சவ்வுகளை முதலில் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். கும்மிருட்டு, துளி வெளிச்சம் கிடையாது. ஏடிபி வந்தது. 1974இல் ராக்கரும் ஸ்டோகனியஸும் செய்தது இன்னும் அழகு. சோயாவிலிருந்து எடுத்த கொழுப்பில் குட்டிக் குமிழிகள் செய்து, அதில் உப்பு நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து எடுத்த ஒளியால் ஓடும் புரோட்டான் பம்பையும், மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி செய்யும் புரதத்தையும் பொருத்தினார்கள். மூன்றும் மூன்று ஊர், ஒன்றுக்கொன்று சொந்தபந்தம் கிடையாது, இரகசிய இடைப்பொருளைப் பகிர்ந்துகொள்ள வாய்ப்பே இல்லை. விளக்கைப் போட்டார்கள், ஏடிபி வந்தது. 1978இல் மிட்செலுக்கு நோபல் பரிசு.

சரி, இப்போது கேள்வியைத் திருப்பிக் கேட்போம். ஒரு யூனிட் கரண்டுக்கு உங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து எத்தனை குடம் தண்ணீர்? எத்தனை மாடி, குழாய் எங்கே ஒழுகுகிறது, குடம் என்ன அளவு என்று கேட்காமல் யாராவது '38 குடம்' என்று பதில் சொன்னால் சிரிப்போம் இல்லையா?

குடத்தின் அளவே செல்லுக்குச் செல் வேறு. ஏடிபி செய்யும் அந்தப் புரதம் நிஜமாகவே சுழலும் ஒரு எந்திரம். 1997இல் ஜப்பானில் நோஜி, யோஷிதா, கினோசிதா குழுவினர் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் படமே பிடித்துவிட்டார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏடிபி. ஆனால் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை புரோட்டான் வேண்டும் என்பது அடியிலுள்ள வளையத்தின் பற்களைப் பொறுத்தது. மாட்டில் 8 பல், ஈஸ்ட்டில் 10, பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் 14. மூன்றால் வகுத்துப் பாருங்கள், ஒன்றும் முழு எண்ணாக வராது. செய்த ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்ப இன்னும் ஒரு புரோட்டான் போகிறது. எல்லாம் கழித்துப் போட்டால் என்ஏடிஹெச்சுக்குச் சுமார் 2.5, எஃப்ஏடிஹெச்2க்கு 1.5. மொத்தம் 30 அல்லது 32. அதுவும் தொட்டி ஒழுகாமல் இருந்தால். ஓய்வாக இருக்கும் எலி செலவழிக்கும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒழுக்கலுக்கே போகிறது என்று அளந்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பிலோ குழாயை வேண்டுமென்றே திறந்துவிட ஒரு தனிப் புரதமே இருக்கிறது. அங்கே குளுக்கோஸ் எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, ஏடிபி வருவதில்லை, வெறும் சூடு. அந்தச் சூட்டில்தான் குழந்தை குளிரைத் தாங்குகிறது. அட்டவணைப்படி அது தோல்வி.

இதில் ஒரு கூத்தும் உண்டு. பாடத்தில் உதாரணத்துக்கு வருவது எப்போதும் ஈஸ்ட்தான்: காற்று இருந்தால் 38, இல்லாவிட்டால் 2. ஆனால் ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படுகிற அந்த ஈஸ்ட்டில், புரோட்டான் இறைக்கும் மோட்டார்களில் முதலாவதும் முக்கியமானதுமான ஒன்று பிறவியிலேயே கிடையாது. என்ஏடிஹெச்சிடம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள வேறு புரதம் வைத்திருக்கிறது. அது வாங்கும், இறைக்காது. அதனால் அந்த ஈஸ்ட் தலைகீழாக நின்றாலும் 38ஐ மட்டுமல்ல, 30ஐக்கூடத் தொட முடியாது. உதாரணமாகக் காட்டப்படும் உயிருக்கே பொருந்தாத எண்ணை எத்தனை லட்சம் பேர் மனப்பாடம் செய்திருப்போம்!

இனி வலப்பக்கத்து 2. இது இன்னும் மோசம்.

நொதித்தலில் எத்தனை ஏடிபி கிடைக்கிறது? பூஜ்யம். அந்த 2 ஏடிபி கிளைக்காலிஸிஸ் என்ற முந்தைய கட்டத்தில் கிடைத்தது. குளுக்கோஸ் இரண்டாக உடைந்து பைருவேட் ஆகும் அந்தக் கட்டம் இடப்பக்கத்துக்காரருக்கும் பொது. அதற்கப்புறம் பைருவேட்டை லாக்டிக் அமிலமாகவோ ஆல்கஹாலாகவோ மாற்றும் படிதான் அசலான நொதித்தல். அதில் ஒரு ஏடிபிகூட வராது. பிறகு எதற்கு அந்த வேலை? என்ஏடியைத் திரும்ப வாங்குவதற்கு. என்ஏடி செல்லில் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. எல்லாமே எலக்ட்ரானைச் சுமந்துகொண்டு என்ஏடிஹெச்சாக நின்றுவிட்டால் கிளைக்காலிஸிஸ் அப்படியே நின்றுவிடும். டெலிவரிக்குப் போன வண்டியெல்லாம் சரக்கை இறக்க இடமில்லாமல் ரோட்டில் நிற்பதுபோல. நொதித்தல் அந்தச் சரக்கை இறக்கிவிட்டு வண்டியைக் காலியாகத் திருப்பி அனுப்புகிறது. சரக்கை இறக்க ஆக்சிஜன் ஒரு இடம், பைருவேட் இன்னொரு இடம். வண்டியைக் காலி செய்கிற ஆளிடம் போய் 'நீ எவ்வளவு சம்பாதித்தாய்' என்று கேட்கிறது அட்டவணை.

இவ்வளவு அவமானப்படுத்தப்பட்ட நொதித்தல்தான் உயிர்வேதியியல் என்ற துறையையே பெற்றெடுத்தது என்பது வேடிக்கை. 1850களில் பாஸ்டர், நொதித்தல் உயிருள்ள செல்லின் வேலை என்றார். லீபிக், வெறும் வேதி மாற்றம் என்றார். பல வருஷம் சண்டை. 1897இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, செல்லே இல்லாத அந்தச் சாறு கெடாமலிருக்கச் சர்க்கரை போட்டு வைத்தார், நாம் பழத்துக்குச் செய்வதுபோல. சாறு நுரைத்தது. செத்த ஈஸ்ட்டின் சாறு நொதித்தது! 1907இல் நோபல் பரிசு. என்ஸைம் என்ற சொல்லே 'ஈஸ்ட்டுக்குள் இருப்பது' என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து உருவாக்கப்பட்டது. தமிழில் நொதி என்கிறோம், நொதித்தலிலிருந்து. உடம்பிலுள்ள ஒவ்வொரு நொதியும், அந்த மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பவை உட்பட, பெயரளவில் தோசைமாவுக்குச் சொந்தம்.

தோசைமாவு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நொதித்தலை இரண்டாகப் பிரித்துத்தான் படித்தோம்: ஈஸ்ட் செய்தால் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடும், பாக்டீரியா செய்தால் லாக்டிக் அமிலம், வாயு வராது. அப்படியானால் நம் அடுக்களையில் ராத்திரி ஊற்றி வைத்த மாவு புளிப்பதும் பொங்குவதும் ஒன்றாக எப்படி நடக்கிறது? ரொட்டிபோல ஈஸ்ட் போடுவதில்லையே. அங்கே முக்கியமான வேலைக்காரன் லூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. அது ஒரு குளுக்கோஸிலிருந்து ஒரு லாக்டிக் அமிலம், ஒரு ஆல்கஹால், ஒரு கார்பன் டை ஆக்ஸைடு மூன்றையும் சேர்த்தே விடுகிறது. புளிப்பும் அதுவே, பொங்கலும் அதுவே. அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. இந்த வழியில் அதற்குக் கிடைக்கும் நிகர ஏடிபி எத்தனை தெரியுமா? 1. அட்டவணையின் மக்குப் பையனைவிடப் பாதி. அப்படியிருந்தும் ஒரே ராத்திரியில் பாத்திரம் முழுக்க அதுதான். எத்தனை சதவீதம் கறந்தாய் என்ற போட்டியில் அது கலந்துகொள்ளவே இல்லை. சர்க்கரை நிறைய கிடக்கும் இடத்தில் யார் முதலில் தின்று முடித்து, மற்றவர்கள் தங்க முடியாதபடி இடத்தைப் புளிக்கவைக்கிறார்கள் என்பதுதான் போட்டி.

ஈஸ்ட்டும் அதே ஜாதகம்தான். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் சர்க்கரை நிறைய இருந்தால் ஈஸ்ட் ஆல்கஹாலே காய்ச்சும். கிராப்ட்ரீ விளைவு என்று இதற்குப் பெயர். 'காற்று இல்லாதபோதுதான் நொதித்தல்' என்ற வரி இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆல்கஹால் மற்ற நுண்ணுயிர்களுக்கு விஷம். சர்க்கரை தீர்ந்து, எதிரிகள் ஒதுங்கிய பிறகு, அதே ஆல்கஹாலை ஈஸ்ட் ஆக்சிஜனோடு எரித்துச் சாப்பிடுகிறது. வீணடித்தது என்று நாம் கணக்கு எழுதியதை அது சேமிப்பில் வைத்திருந்திருக்கிறது. கோட் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது ரொம்பவே உறைக்கிறது. எங்கள் தொழிலில் ஒரே ஒரு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டில் போட்டுவிட்டால், மறுநாளிலிருந்து அந்த எண் மட்டும்தான் நிஜம், சிஸ்டம் எதற்காக ஓடுகிறது என்பது எல்லாருக்கும் மறந்துபோகும்.

நம் உடம்புக்குள் வருவோம். ரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. சுமார் 120 நாள் ஆயுள் முழுவதும் லாக்டிக் அமிலத்தில் முடியும் அந்த '2 ஏடிபி' வாழ்க்கைதான். ஆக்சிஜன் மூட்டையை முதுகில் சுமந்துகொண்டே! தானே சாப்பிட ஆரம்பித்தால் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன மிஞ்சும்? வேகமாக ஓடும்போது தசைகளுக்கு வேண்டியது சிக்கனமல்ல, உடனடி ஏடிபி; கிளைக்காலிஸிஸ் அதைச் சட்டென்று தரும். அப்போது வெளியேறும் லாக்டேட்டைக் குப்பை, நஞ்சு, கால் வலிக்குக் காரணம் என்று இன்னமும் ஜிம்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓடி முடித்து ஒரு மணிநேரம் சுமாருக்குள் ரத்தத்தில் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடும். வலியோ மறுநாள் வருகிறது. குற்றவாளி ஊரைவிட்டுப் போன பிறகு நடந்த திருட்டு அது. நிஜத்தில் இதயம் லாக்டேட்டை வாங்கி எரிக்கிறது, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. இரண்டாவதைக் கண்டுபிடித்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி. தசை சம்பாதிப்பது 2, கல்லீரல் அதைத் திருப்பிச் செய்யச் செலவழிப்பது 6. நஷ்டக் கணக்கு மாதிரிதான் தெரியும். ஆனால் ஓடுகிற நேரத்தில் தசையின் பாரத்தைக் கல்லீரலின் தலைக்கு மாற்றிக்கொண்டால்தான் துரத்துகிற நாயிடமிருந்து தப்பிக்க முடியும்.

முடிவதில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன், அதற்கு வருகிறேன். 1920களில் ஓட்டோ வார்பர்க், பல புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கவனித்தார். இது உண்மை. பெட் ஸ்கேன் எடுக்கும்போது கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போலி ஒன்றை ஊசியில் ஏற்றி எங்கே அதிகம் சேர்கிறது என்று பார்ப்பதும் அந்தக் குளுக்கோஸ் பசியை நம்பித்தான். ஆனால் சுவாசம் பழுதானதால்தான் புற்றுநோய் வருகிறது என்று அவர் சொன்ன விளக்கம் நிற்கவில்லை. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஏடிபி மட்டும் போதாது, புதிய சவ்வும் புதிய டிஎன்ஏவும் கட்டக் கார்பன் வேண்டும், எல்லாவற்றையும் எரித்துப் புகையாக்கிவிட்டால் எதை வைத்துக் கட்டுவது? கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நம் வெள்ளணுக்களும் பெருகும்போது இதையேதான் செய்கின்றன.

இதை வாட்ஸப் எப்படிச் சொல்கிறது? புற்றுநோய்க்குக் காரணம் ஆக்சிஜன் குறைவும் உடம்பில் அமிலமும், இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் வார்பர்க்குக்கு 1931இல் நோபல் கொடுத்தார்கள், ஆகவே காரத்தண்ணீர் குடியுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். அந்த நோபல் சுவாச நொதி ஒன்றின் தன்மையையும் வேலையையும் கண்டதற்காகத் தரப்பட்டது, புற்றுநோய்க்காக அல்ல. எங்கள் சித்திக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தபோது குடும்பக் குழுவில் இந்தச் செய்தி ஐந்தாறு முறை வந்தது. 'நீ சோறு சாப்பிடச் சாப்பிட அதுவும் சாப்பிடுதாம்மா' என்று பாசத்தோடு ஒருவர் சொல்ல, சித்தி சாதத்தைத் தள்ளி வைக்க ஆரம்பித்தார். கீமோவில் எடை இறங்கிக்கொண்டிருந்தவர். மருத்துவர் திட்டித்தான் திரும்பச் சாப்பிட்டார். அனுப்பியவர்கள் யாரும் படிக்காதவர்கள் கிடையாது, ஒருவர் பி.எஸ்ஸி. தாவரவியல். அந்தச் செய்தியை அவர் நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆக்சிஜன் நல்லது, நொதித்தல் கெட்டது, அமிலம் குப்பை என்று கோடு போட்டு ஐந்து மார்க் கொடுத்து நம்பவைத்தது யார்? வாட்ஸப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. ஏற்கெனவே மண்டையில் இருந்த அட்டவணையில் கீழே ஒரு வரி சேர்த்தது.

'பதினாறு வயசுப் பிள்ளைக்குப் புரோட்டான் மேடு, பல் வளையம் எல்லாம் எதற்கு, எளிமையாக இருக்கட்டுமே' என்பார்கள். எளிமை வேறு, பொய் வேறு. மொட்டைமாடித் தொட்டி எந்தப் பிள்ளைக்குப் புரியாது? சரக்கு இறக்காமல் நிற்கிற வண்டி யாருக்குப் புரியாது? 38 என்ற எண்தான் புரியாது, அதில் புரிவதற்கு ஒன்றுமில்லை, மனப்பாடம்தான் செய்ய முடியும். திருத்துவதற்கு எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. புரோட்டான் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதன் குறுக்கே மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட். மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்று அந்தப் பிள்ளையையே வகுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தன் விரல் நுனியில் இது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு அது உயிரியல் புத்தகத்தை மூடுமா என்று பார்ப்போம்.

திருத்தம் நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லூரிப் பாடநூல்கள் பலவற்றில் 38ஐ எடுத்துவிட்டு '30 முதல் 32 வரை' என்று போட்டுவிட்டார்கள். கோடு அப்படியே இருக்கிறது. வலப்பக்கத்து 2ம்.